வீட்டுக் கடன் ரத்து உரிமை (அமெரிக்கா)

வீட்டுக் கடன் ரத்து உரிமை என்பது, தாம் குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்துக் கடன் பெற்றவர் காரணம் கூறாமலேயே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1968ஆம் ஆண்டு ‘ட்ரூத் இன் லெண்டிங்’ சட்டம் வழங்கும் உரிமை. வேறு நிறுவனத்திடம் பெறும் மறுகடனுக்கும், சொந்த வீட்டின் பேரில் வாங்கும் கூடுதல் கடனுக்கும் இது பொருந்தும். வீடு வாங்கும் கடனுக்குப் பொருந்தாது.

கையெழுத்து, ரத்து உரிமை பற்றிய அறிவிப்பின் அளிப்பு, கடனின் முக்கிய விவரங்களின் அளிப்பு ஆகிய மூன்றில் கடைசியாக நிகழ்வதை அடுத்த மூன்றாம் வேலைநாளின் நள்ளிரவே கெடு. சனிக்கிழமை வேலைநாளாகக் கொள்ளப்படும். ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் கொள்ளப்படா.

கடன் தருவோரின் பிழைகளில் பல இந்த அறிவிப்புத் தாளில் நேர்கின்றன. உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் இரு படிகள் தர வேண்டும். வீட்டில் பங்குள்ள மனைவியையோ கணவரையோ விட்டுவிடுதல், கெடு தேதியை நிரப்பாதிருத்தல், தவறாகக் கணக்கிடுதல், கெடு முடியுமுன் பணத்தை வழங்குதல், அச்சிட்ட படிவத்தில் உரிமைத் துறப்புக்குக் கையெழுத்து வாங்குதல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. முறையான அறிவிப்போ முக்கிய விவரங்களோ தரப்படாவிடில் உரிமை மூன்றாண்டு வரை நீளும். வீடு விற்கப்பட்டால் முன்பே முடியும். சிறு எழுத்துப்பிழையாகத் தோன்றுவது கடன் தந்தவரை வட்டியையும் கட்டணங்களையும் இழக்கச் செய்வது இதனாலேயே.

கடனாளியின் ரத்து அறிவிப்பு கிடைத்த 20 நாள்களுக்குள் கடன் தந்தவர் பெற்ற தொகையைத் திருப்பி, ஈட்டுரிமையை நீக்க வேண்டும். பின்னர்க் கடனாளி அசலை ஒப்படைக்க வேண்டும். மூன்றாண்டுக்குப் பின் உரிமை அறவே அற்றுப்போகும் என உச்ச நீதிமன்றம் 1998இல் பீச் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குள் எழுத்து மூலம் அறிவித்தாலே போதும், வழக்குத் தொடர வேண்டியதில்லை என 2015இல் ஜெசினோஸ்கி வழக்கில் ஒருமனதாகத் தெளிவுபடுத்தியது.