பெட்டிக்குள் இருந்த மென்பொருளும் ஆறு மாதக் காத்திருப்பும்

வீட்டின் மூலையில் சிறு விளக்குகள் மினுங்க இயங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்ற பெட்டியை நாம் எவரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அது நின்றுபோகும் நாளில் மட்டுமே அப்படியொன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள் எவருடையது? அது ஆண்டுக்கணக்கில் தடையின்றி இயங்கும் என்று உறுதிகூற வல்லவர் எவர்? இக்கேள்விகளுக்குப் பின்னால் இருபதாண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்த என்னை அந்த வரலாறு ஈர்த்தமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் எப்போது அச்சுக்குச் செல்லத் தகுதி பெறுகிறது என்ற கேள்வியை ஒவ்வோர் இரவும் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். மென்பொருள் உலகிலும் அதே கேள்வியை ஒரு கூட்டத்தார் விடாது கேட்டு வந்திருக்கிறார்கள்.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.ரி.54ஜி என்ற கம்பியில்லா ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீல நிறமும் கறுப்பு நிறமும் கொண்ட அந்தப் பெட்டி வீட்டுப் பாவனைக்கென்று செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், ஏறத்தாழ 500 மில்லியன் டொலருக்கு லிங்க்சிஸை வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் லினக்ஸ் உருவாக்குநர்களின் மடலாடற்குழுவில் ஒரு செய்தியை வெளியிட்டார். அந்த ரவுட்டருக்குள் இயங்குவது லினக்ஸ் என்பதே அச்செய்தி.

லினக்ஸை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் உரிமமாகிய ஜி.பி.எல். ஒரு நிபந்தனை விதிக்கிறது. அதைத் தமது பண்டத்தில் சேர்த்து விற்பவர், மாற்றங்கள் உட்பட மூலநிரலையும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வற்புறுத்தல்களின் பின்னர் 2003 ஜூலையில் மூலநிரல் வெளிவந்தது. சாதாரண வீட்டுப் பெட்டி ஒன்றின் உள்ளே எட்டிப் பார்க்கவும், திருத்தவும், புதிதாக எழுதவும் பலருக்கு அதனால் வழி திறந்தது. 2004 ஜனவரியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்ற திட்டம் தோன்றியது. பெட்டியின் பெயரையே தன் பெயரில் சுமந்துகொண்டு பிறந்த திட்டம் அது.

திறந்த மூலநிரல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். தொடக்ககாலப் பதிப்புகளுக்குக் கொக்டெயில் பானங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பெட்டிக்குள் நுழைபவரின் திரையில் அந்தப் பானத்தைக் கலக்கும் முறை தோன்றும். பெயரில் விளையாட்டு இருந்ததே தவிர வேலையில் இருக்கவில்லை. 'வைட் ரஷ்யன்' என்ற முதற் பதிப்புக்கு 2005 இலிருந்து 2006 வரை ஆறு முன்னோட்டப் பதிப்புகள் வெளிவந்தன. 2007 இன் தொடக்கத்தில் இறுதிப் பதிப்பு வந்தபோதும் அதற்கு அவர்கள் கொடுத்த எண் 0.9. ஒன்று என்ற எண்ணைக்கூட அவர்கள் அதற்குச் சூட்டவில்லை.

இத்தகைய பொறுமை ஏன் வேண்டியிருந்தது? அந்த மென்பொருள் ஆய்வுகூட மேசைகளோடு நின்றுவிடவில்லை. ஜேர்மனியின் பேர்லின் நகரில் 2002 இல் தொடங்கிய 'ஃப்ரைஃபுங்க்' இயக்கத்தினர், கூரைகளிலும் சாளரங்களிலும் இத்தகைய ரவுட்டர்களைப் பொருத்தி, ஒன்றோடொன்று பேசும் வலையமைப்பை எழுப்பினார்கள். கூரையுச்சியில் இருக்கும் பெட்டி நின்றுபோனால், ஒருவர் ஏணி வைத்து ஏற வேண்டும். வேறொருவரின் வீட்டுக் கூரையாயின் அவருடைய அனுமதியையும் பெற வேண்டும். 'நிலையானது' என்ற சொல்லின் பெறுமதியை ஏணியில் ஏறுபவர் அறிவார்.

கூரைகள் கற்றுத்தந்த பாடங்கள் பல. தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்திய ஓ.எல்.எஸ்.ஆர். என்ற வழிகாட்டும் நெறிமுறை 2003 ஒக்டோபரில் முறைப்படி வெளியிடப்பட்டது. வலையிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் முழு வலையின் வரைபடத்தையும் தன்னுள் கணித்து வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பத்துப் பெட்டிகளுக்கு அது அழகாக இயங்கியது. ஏறத்தாழ 450 பெட்டிகள் கொண்ட வலையில், ஒரு சிறிய பெட்டி அந்தக் கணக்கை ஒருமுறை போட்டு முடிக்கவே சில விநாடிகள் எடுத்தது. எனவே, 'அயலவரில் எவர் நல்ல வழி என்று அறிந்தாற் போதும், முழு வரைபடம் வேண்டாம்' என்ற எண்ணத்தில் பேர்லின்காரர்கள் 'பாட்மன்' என்ற வேறொரு நெறிமுறையை உருவாக்கினார்கள். அதன் ஒரு வடிவம் 2011 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே இடம்பிடித்தது. சிறிய சோதனையில் வென்றது பெரிய நகரத்தில் தோற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போட்டி நெறிமுறைகளை ஒரே இடத்தில், ஒரே பெட்டிகளில் ஓடவிட்டு ஒப்பிடுவதற்காக 2009 ஏப்ரலில் பரிஸில் முதலாவது 'வயர்லெஸ் பட்டில் மெஷ்' சந்திப்பும் நடைபெற்றது.

இன்னொரு பாடம், எதை அளப்பது என்பது பற்றியது. ரவுட்டர்களை எல்லோரும் வேகத்தை வைத்தே சோதித்தார்கள். விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதே கேள்வி. ஆனால் வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது மற்றவரின் தொலைபேசி உரையாடல் துண்டுதுண்டாகிப்போவது ஏன்? பெட்டி தகவல்களை அளவுக்கு மீறி வரிசையில் தேக்கிவைப்பதே காரணம் என்று ஜிம் கெட்டிஸ் எடுத்துக்காட்டினார். அவரும் டேவ் டாட்டும் அவர்களோடு சேர்ந்தோரும் 2011 இல் 'செரோ டபிள்யூ.ஆர்.ரி.' என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தெரிந்தெடுத்த சில பெட்டிகளில் மட்டும் திருத்தங்களை ஓடவிட்டு, சுமையின் நடுவே ஏற்படும் தாமதத்தை அளந்தார்கள். அங்கு தேறிய வரிசைமுறை 2012 இல் லினக்ஸிற்குச் சென்றது. பின்னர் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.யின் வழக்கமான அமைப்பாகவும் ஆயிற்று. டாட் 2025 ஏப்ரலில் காலமானார். இன்று பல வீடுகளில் தடங்கலின்றிப் பேசுவோர் அவர் பெயரை அறியமாட்டார்கள்.

இத்தகைய திட்டங்களில் மனிதர்களும் சோதனைக்குள்ளாகிறார்கள். முடிவெடுக்கும் முறை வெளிப்படையாக இல்லை, பதிப்புகள் ஒழுங்காக வருவதில்லை என்ற மனக்குறையால் 2016 மே மாதத்தில் ஒரு சாரார் பிரிந்து 'லீட்' என்ற பெயரில் இயங்கினர். 2017 பெப்ரவரியில் தமது முதற் பதிப்பையும் வெளியிட்டனர். 2018 ஜனவரியில் இரு சாராரும் மீண்டும் இணைந்தனர். பழைய பெயர் நிலைத்தது, புதிய ஒழுங்குமுறை ஏற்கப்பட்டது. பிரிவினைகளைப் பற்றியே எழுதி எழுதி ஓய்ந்த எனக்கு, இத்தகைய இணைவைப் பதிவுசெய்வதில் தனி நிறைவு உண்டு.

அந்த ஒழுங்குமுறையைப் பதிப்பெண்களிலேயே காணலாம். எண், கிளை பிரிந்த ஆண்டையும் மாதத்தையும் குறிக்கிறது. அதன் பின் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டு பிழை திருத்துவதிலேயே நாட்டம் செலுத்துகிறார்கள். 19.07 என்ற பதிப்பு 2020 ஜனவரியில் வந்தது. 21.02 வந்தது 2021 செப்டெம்பரில். 22.03 வந்தது 2022 செப்டெம்பரில். 23.05 வந்தது 2023 ஒக்டோபரில். 24.10 வந்தது 2025 பெப்ரவரியில். எண்ணுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலுள்ள அந்த நான்கு முதல் ஏழு மாதங்களை வெறுந் தாமதம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. எனக்கோ அது ஒப்புநோக்காளரின் மேசையாகவே தெரிகிறது. உலகின் பல மூலைகளில் இருப்போர் முன்னோட்டப் பதிப்பைத் தத்தம் பெட்டிகளில் ஏற்றி, ஓடவிட்டு, குறைகளை எழுதி அனுப்பும் காலம் அது.

அவ்வளவு செய்தும் பிழை தப்பிவிடுகிறது. தரவிறக்கும் மென்பொருட் பொதிகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க வேண்டிய பகுதி, 2017 பெப்ரவரியிலிருந்து அந்த வேலையைச் சரிவரச் செய்யவில்லை என்பது 2020 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாமே நன்றாக இயங்கியதனால் மூன்று ஆண்டுகள் எவருக்கும் ஐயம் எழவில்லை. கண்டவுடன் இரண்டு பதிப்புத் தொடர்களுக்கும் திருத்தம் வெளிவந்தது. நின்றுபோகாமல் ஓடுவது வேறு, நம்பத்தக்கதாக ஓடுவது வேறு. முன்னதை மாதங்கள் காட்டிவிடும். பின்னதற்கு மூலநிரலை ஊன்றிப் படிக்கும் கண்கள் வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மென்பொருள் வளர வளரப் பழைய பெட்டிகளுக்குள் அது அடங்குவதில்லை. 21.02 பதிப்பிலிருந்து குறைந்தது 8 மெகாபைட் சேமிப்பும் 64 மெகாபைட் நினைவகமும் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்த வரலாற்றைத் தொடக்கிவைத்த டபிள்யூ.ஆர்.ரி.54ஜி பெட்டியின் முதல் வடிவங்களில் இருந்தவையோ 4 மெகாபைட்டும் 16 மெகாபைட்டுமே. திட்டத்திற்குப் பெயர் தந்த பெட்டியே திட்டத்திலிருந்து கழன்றுவிட்டது. குறைந்த பணத்தில் வலையமைப்பு எழுப்பியோருக்கு இது சிறிய இழப்பல்ல. ஆனால் மூலநிரல் திறந்திருப்பதனால், எந்தப் பெட்டி எப்போது, ஏன் கைவிடப்படுகிறது என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்தது. மூடிய பெட்டியை வாங்கியவருக்குப் பெரும்பாலும் அந்தத் தகவல்கூடக் கிட்டுவதில்லை. திருத்தங்கள் வருவது ஒருநாள் சத்தமின்றி நின்றுவிடும், விளக்குகள் மட்டும் தொடர்ந்து மினுங்கும்.

'நிலையானது' என்ற சொல்லை ஒரு நிறுவனம் தன் பண்டத்தின் மீது அச்சிட்டுவிடலாம். அதற்கு மை மட்டும் போதும். இங்கே நான் விவரித்த மனிதர்கள் அச்சொல்லைக் காத்திருந்து சம்பாதித்தார்கள். வெளியிட்ட மறுநாளே அடுத்த திருத்தத்திற்கான வேலையையும் தொடங்கினார்கள். புதிய ரவுட்டர் வாங்கும் அன்பர்கள் அதன் வேகம் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். இதன் மென்பொருளை எத்தனை ஆண்டுகள், எவர் பார்த்துக்கொள்வார் என்றும் கேளுங்கள்.