தைலமா, நாளா? வலியை எண்ணிய கதை

2006ல் சிக்குன்குனியா வந்தபோது அம்மாச்சிக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. யாரோ சிறுமலையிலிருந்து மூலிகைத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேய்த்தோம். ரெண்டு மாசத்துல எழுந்து நடமாட ஆரம்பிச்சாங்க. அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையில் உடைந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்று சொல்கிற ஊர் எங்களுடையது. கேட்கவா வேணும், பேரெல்லாம் தைலத்துக்குத்தான்.

இந்தக் கணக்கில் என்ன கோளாறு என்பதை 1946லேயே அமெரிக்காவில் ஜெல்லினெக் காட்டிவிட்டார். ஒரு தலைவலி மாத்திரையில் மூன்று மருந்துகள். அதில் ஒன்றுக்குத் தட்டுப்பாடு. அதை விட்டுவிட்டால் பரவாயில்லையா என்பதுதான் கேள்வி. அடிக்கடி தலைவலி வரும் 199 பேருக்கு நாலு விதமான மாத்திரைகளை முறைமாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் கொடுத்தார். நாலாவது வெறும் பால் சர்க்கரை. 120 பேர் அதிலும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள்! நூற்றுக்கு அறுபது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மற்ற மூன்று மாத்திரைகளுக்குள் பெரிய வித்தியாசமில்லை: 84, 80, 80 சதவீதம். சர்க்கரைக்கு மசியாத 79 பேரை மட்டும் பிரித்தபோது அது 88, 67, 77 ஆனது. தட்டுப்பாட்டு மருந்து இல்லாத மாத்திரைக்குத்தான் அந்த 67. (இப்படிப் பிரிப்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். இன்று சர்க்கரைக்கு மசிந்தவர் அடுத்த தலைவலிக்கு மசியாமல் போகலாம்.)

சரி, சிக்குன்குனியாவுக்கு வருவோம். மூட்டுவலிக்குக் குளோரோகுயின் கேட்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் 1984ல் தென்னாப்பிரிக்காவில் 10 பேரிடம் நடந்த ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு. புனேயின் அரவிந்த் சோப்ரா குழு 70 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் குளோரோகுயின், மறு பாதிக்கு மெலாக்சிகாம் என்று 24 வாரம் கொடுத்துப் பார்த்தது. 2014ல் முடிவு வெளியானது. குளோரோகுயின் ஒரு படி மேலே என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் வெறும் மாத்திரை வாங்கிய மூன்றாவது குழு அதில் கிடையாது. அதனால் இரண்டு மருந்தும் வேலை செய்ததா, நாள் ஆக ஆக வலி தானாக இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வலியில் துடிக்கிறவருக்கு வெறும் மாத்திரையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் தாங்க முடியாவிட்டால் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு வலிமாத்திரையும் கொடுத்து, யார் எத்தனை போட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

அம்மாச்சி அந்த ரெண்டு மாசத்துல எத்தனை பாராசிட்டமால் போட்டாங்கன்னு நாங்க யாருமே எண்ணல.