சோளகக் காற்றுக் காலத்தில் கண் கடி: வீட்டில் செய்யக்கூடியவையும் செய்யக்கூடாதவையும்

மே மாத இறுதியில் சோளகம் எழும்பிவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைப் புழுதி வீட்டுக்குள் வந்துவிடும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று வரட்டிக்கொண்டு வீசும். சிறுபோக அறுவடை தொடங்கியதும் வைக்கோல் தூசியும் சேர்ந்துகொள்ளும். இந்த மாதங்களில் பலருக்குக் கண் சிவக்கிறது, கடிக்கிறது, நீர் வடிகிறது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கும் மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொல்லை இன்னும் அதிகம்.

இணையத்தில் தேடினால் வசந்தகால மகரந்தத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பார்கள். அது குளிர்நாடுகளின் கதை. வெப்பமான, ஈரப்பதன் கூடிய நம் நாட்டில் ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள். பூஞ்சணம், பூனை நாயின் உதிர்வு, புல்லின் மகரந்தம் என்பவையும் உண்டு. நுளம்புத்திரிப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் ஒவ்வாமையைத் தருவதில்லை. ஆனால் ஏற்கனவே கடிக்கும் கண்ணை மேலும் எரியவைக்கும்.

ஒவ்வாமைப் பொருள் கண்ணில் பட்டதும் அங்குள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளிவிடுகின்றன. கடியும் சிவப்பும் வீக்கமும் அதனால் வருபவை. கண்ணைக் கசக்கும்போது அதே கலங்கள் மேலும் ஹிஸ்டமினை வெளிவிடும். அதனால்தான் கசக்கிய அந்த நிமிடம் சுகமாக இருந்தாலும், சற்று நேரத்தில் கடி முன்பைவிடக் கூடுகிறது. நெடுநாள் பலமாகக் கசக்கிவந்தால் கருவிழியை மூடியுள்ள தெளிவான படலம் மெலிந்து கூம்பு வடிவில் புடைக்கவும் கூடும். அப்படி வந்த பார்வைக் குறையை மூக்குக்கண்ணாடியால் முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

கசக்காமல் இருப்பதற்கு மிக எளிய மாற்று, குளிர் ஒத்தடம். கொதித்து ஆறிய தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில் மண்பானையில் வைத்தாலும் போதும். சுத்தமான பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் 5 முதல் 10 நிமிடங்கள் வையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் துணி. நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீக்கமும் கடியும் தணியும். வெள்ளரித் துண்டு வைத்தாலும், ஆறவைத்த தேயிலைப் பை வைத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் இதே குளிர்ச்சிதான். வெறும் துணி மலிவானது, சுத்தமாகவும் வைத்திருக்கலாம்.

அடுத்தது கண்ணுக்குள் போன தூசியை வெளியேற்றுவது. மருந்தகத்தில் கிடைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் இதற்கு நல்லவை. பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். போத்தலில் வருபவற்றைத் திறந்த பின் எத்தனை நாளைக்குப் பாவிக்கலாம் என்று உறையில் பாருங்கள். பல வகைகளை ஒரு மாதத்துக்குள் எறிந்துவிட வேண்டும். வீட்டில் உப்புக் கரைத்துக் கண்ணில் விடுவது வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணுக்குள் அடித்துக் கழுவுவதும் நல்ல பழக்கமல்ல. கொன்டக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு அதிலுள்ள கிருமிகள் கடுமையான தொற்றைக் கொண்டுவரலாம். கண் கடிக்கும் நாட்களில் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆச்சிமார் சொல்லித்தந்த வைத்தியங்களில் ஒத்தடமாகச் செய்பவற்றால் பெரிய கேடில்லை. கண்ணுக்குள் விடுபவைதான் பிரச்சினை. தாய்ப்பால், தேன், மல்லித் தண்ணீர், பன்னீர் எதுவுமே கிருமி நீக்கப்பட்டவை அல்ல. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றும் வழக்கமும் உண்டு. ஆனால் அதன் காம்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வீட்டில் அதிக பலன் தரும் இடம் படுக்கையறை. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 பாகை அளவுச் சுடுதண்ணீரில் துவையுங்கள். அந்தச் சூட்டில் உண்ணிகள் சாகும். மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயிலில் உலர்த்துங்கள், ஆனால் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும் நேரத்தில் அல்ல. ஈரத் துணியால் துடைப்பது தும்புத்தடியால் கூட்டுவதைவிட நல்லது. கூட்டும்போது தூசி எழும்பி மீண்டும் கண்ணுக்கே வரும். வெளியில் போய்வந்தால் கையையும் முகத்தையும் கழுவுங்கள். படுக்கப்போகுமுன் தலையில் படிந்த தூசியையும் கழுவிவிட்டால் அது தலையணைக்குப் போகாது. மின்விசிறி நேராக முகத்துக்கு வீசாமல் திருப்பி வையுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடலாம். பலர் அதை மேலே தூக்கிவிட்டே ஓடுகிறார்கள்.

தடிமனுக்கென்று வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதோடு கண்ணீரையும் வற்றச் செய்யலாம். சிவப்பை உடனே எடுக்கும் சொட்டுகளைத் தொடர்ந்து விட்டால், நிறுத்தியதும் சிவப்பு முன்பைவிடக் கூடித் திரும்பும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெப்பமான, வறண்ட காலநிலையில் 5 வயது முதல் பதின்ம வயது வரையான பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, ஒவ்வாமைக் கண்நோயின் கடுமையான வகையொன்று வருகிறது. கடி தாங்க முடியாமல் இருக்கும், கயிறு போல் பூளை வரும், வெளிச்சத்தில் கண் திறக்க முடியாது. மேல் இமையின் உட்புறத்தில் பெரிய மொட்டுகள் தோன்றி, உரசி உரசிக் கருவிழியில் புண்ணும் வரலாம். இதற்கு டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் சொட்டு கொடுத்தால் ஓரிரு நாளில் கடி நின்றுவிடும். அதனாலேயே பழைய துண்டைக் காட்டி அதே சொட்டைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்தால் அது கண்ணழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பைப் பாதிக்கும், கண்புரையையும் கொண்டுவரும். கண்ணழுத்தம் பெரும்பாலும் வலியில்லாமலே கூடுவதால், பிள்ளை சொல்லும்போது பார்வை போயிருக்கும். போன பார்வை திரும்பாது.

ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். கடிதான் முதன்மையாக இருக்கும், நீர் தெளிவாக இருக்கும். ஒரு கண் மட்டும் சிவந்தாலோ, மஞ்சள் பூளை ஒட்டினாலோ, வலி எடுத்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ ஒத்தடத்தோடு காத்திருக்காமல் அன்றே கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பாவித்த சொட்டுப் போத்தல்களையும் கையோடு கொண்டுபோனால், பிள்ளைக்கு எது எவ்வளவு காலம் விடப்பட்டது என்பதை வைத்தியர் அறிந்துகொள்ளலாம்.