எம்டன் கப்பல் மணி

எம்டன் கப்பல் மணி என்பது, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுகளால் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் மணி. இன்று கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் உள்ளது.

கப்பல்களில் அரை மணிக்கு ஒரு அடி கூட்டி மணி அடித்து, எட்டு அடியோடு ஒரு முறைக்காவல் முடியும். இரவு 8 மணிக் காவலில் 9.30க்கு மூன்று அடி. சென்னையில் முதல் குண்டு விழுந்ததும் ஏறக்குறைய அந்நேரத்தில்தான். தளபதி கார்ல் ஃபான் முல்லரின் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு, எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பவளத்திட்டில் ஏறி நின்றது. அதன் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் இறந்தனர்.

சிதைந்த கப்பலிலிருந்து தப்பிய மணிக்கு மனிதர்களாலும் ஆபத்து வந்தது. 1930களில் திருடுபோய், மண்ணில் புதைக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டது.

மணிகளுக்கு உப்பாலும் ஆபத்து உண்டு. கப்பல் மணிகள் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். கடலுப்பின் குளோரைடு உள்ளே தங்கிவிட்டால், காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டு வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். அப்போது உண்டாகும் அமிலம் அடுத்த அடுக்கையும் அரிக்கும். 'வெண்கல நோய்' என்பது இதுதான்.

ஆகவே கடலிலிருந்து எடுத்த மணியைக் காயவிடக் கூடாது. நீரிலேயே வைத்திருந்து, சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, உப்பு இறங்குவது நிற்கும்வரை கரைசலை மாற்றுவார்கள். பிறகு பென்சோட்ரையசோல் பூச்சு, அதன்மேல் மெழுகோ அரக்குப்பூச்சோ, உலர்ந்த கண்ணாடிப் பெட்டி. வீடுகளில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால், பழைய படலமும் எழுத்தின் கூர்மையும் சேர்ந்தே போய்விடும். நம் கடற்கரை ஈரத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

தமிழில் 'எம்டன்' என்றால் இன்றும் கெட்டிக்காரன், பொல்லாதவன். சொல்லை இங்கே காப்பாற்றி வைத்திருக்கிறோம். மணியின் ஒரு வார்ப்புப் படியாவது சென்னையில் இருக்க வேண்டும். அதுவரை, தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த அந்த இரவைச் சொல்லும் கல்வெட்டை நடந்தே போய்ப் பார்க்கலாம்.