தாத்தாவோட துப்பாக்கியும் மோட்டார் ஒயரும்

போன மாசம் ஒரே ராத்திரியில ஏரி ஓரத்துல மூணு பேர் கிணத்து மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள இருக்கிற தாமிரத்துக்காகத்தான். ஒயர் புதுசா வாங்கிப் போடுற வரைக்கும் தண்ணி பாய்ச்ச முடியாம நாத்து காஞ்சுது. மறுநாள் டீக்கடையில பங்காளி மகன் கொதிச்சுப் போயி, "பெரியப்பா, துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போடப் போறேன். அடுத்த தடவை வந்தான்னா சுட்டுடுவேன்"ன்னான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

எங்க தாத்தாகிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருந்துது. மருந்து கெட்டிச்சுச் சுடுற ஒத்தக்குழல். அப்ப வல்லம் வடகால்ல சிப்காட்டும் இல்ல, கம்பெனி பஸ்ஸும் இல்ல. பயிர்க்காவலுக்குன்னு குடுத்த லைசென்ஸ் அது. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு, முடிஞ்சதும் வாங்கிட்டு வருவார்.

நம்ம நாட்டுல இந்த விஷயத்துல ஒரு வேடிக்கை உண்டு. 1837ல மெக்காலே குழு தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதினப்ப, இந்த ஊர் ஜனங்க அடிச்சா வாங்கிக்கிட்டு சும்மா இருக்காங்க, அதனால தற்காப்பு உரிமையைத் தாராளமாவே குடுக்கலாம்னு நினைச்சாங்க. அது 1860ல சட்டம் ஆச்சு. அதே 1860லதான் ஆயுதத்தைப் பறிக்க அதிகாரம் குடுக்கிற இன்னொரு சட்டமும் வந்துது. மூணு வருசத்துக்கு முன்னாடி நடந்த சிப்பாய்க் கலகத்தோட பயம் அப்ப போகல. ஒரு கையால உரிமை, மறு கையால பிடுங்கல். 1878ல லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்துல இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேணாம். குடகுக்காரங்களுக்கு மட்டும் தனி விலக்கு, அது இன்னிக்கும் இருக்கு.

காங்கிரஸ்காரங்க இதை விடாம எதிர்த்தாங்க. 1928 நேரு அறிக்கையிலயும் 1931 கராச்சி தீர்மானத்திலயும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வெச்சுக்கிறது குடிமகன் உரிமைன்னே எழுதினாங்க. சுதந்திரம் வந்தப்புறம், 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையில சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஒத்துக்கல. அமெரிக்காவுல அது அரசியல் சட்டத்துலயே இருக்கு, அங்க இடுப்புல மறைச்சு வெச்சுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போறவங்க உண்டு. இங்க துப்பாக்கிங்கிறது சர்க்கார் குடுக்கிற அனுமதி, அவ்வளவுதான். இப்ப நடக்கிறது 1959ம் வருஷச் சட்டம், அமலுக்கு வந்தது 1962 அக்டோபர். கல்யாணம், திருவிழாவுல கெத்துக்குச் சுட்டா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில்னு 2019ல சேர்த்தாங்க.

சரி, லைசென்ஸ் கிடைச்சுதுன்னே வையுங்க. எப்பச் சுடலாம்? லைசென்ஸ் இருக்கிறது ஒரு கேள்வி, சுட்டது சரியாங்கிறது வேற கேள்வி. பழைய சட்டத்துல 96ல இருந்து 106 வரை இருந்தது, 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 34ல இருந்து 44 வரைக்கும் இருக்கு. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தா உயிரை எடுக்கிற வரைக்கும் போகலாம். சொத்துன்னா, கொள்ளை, ராத்திரி வீடு உடைக்கிறது, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்கிறது மாதிரி சிலதுக்குத்தான். வெறும் திருட்டுக்குக் கிடையாது. தடுக்கலாம், பிடிக்கலாம், தேவைப்பட்டா அடி கூட விழலாம். கொல்லக் கூடாது. தேவைக்கு மேல ஒரு அடி கூடக் கூடாது, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தா உரிமையே இல்ல. வயல்ல கிடக்கிற ஒயரை அறுக்கிறவன் இந்தக் கணக்குல எங்க வர்றான்னு பையனையே கேட்டேன். வாயைத் திறக்கல.

வக்கீலுங்க அடிக்கடி சொல்ற பஞ்சாப் கேஸ் ஒண்ணு இருக்கு, ஜெய்தேவ் வழக்கு. உச்ச நீதிமன்றம் 1962ல தீர்ப்பு சொன்னது. அதுவும் நிலத் தகராறுதான். உழுதுக்கிட்டிருந்தவங்களை ஊர்க்காரங்க வந்து மறிச்சாங்க, துப்பாக்கி வெடிச்சுது. நிலத்தைக் காக்கிற உரிமை அவங்களுக்கு முதல்ல இருந்துதுன்னு கோர்ட்டே ஒத்துக்கிச்சு. ஆனா எதிராளிங்க திரும்பி ஓட ஆரம்பிச்ச நிமிஷமே உரிமை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் சுட்டதெல்லாம் கொலை. அதே சமயம், உயிர் பயத்துல இருக்கிறவன் தராசு வெச்சு அளந்து அடிக்க முடியாதுன்னு 2010ல தர்ஷன் சிங் வழக்குல சொல்லியிருக்காங்க. நியாயம்தான். ஆனா தற்காப்புதான்னு காட்டுற பொறுப்பு சுட்டவன் மேலதான். அதுக்குள்ள வக்கீல் ஃபீஸ்ல பாதி நிலம் போயிடும்.

தாத்தாவுக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், வேர்க்கடலை களத்துல படுத்திருந்தோம். மூட்டை தூக்க வந்தவன் தாத்தா இருமின சத்தம் கேட்டு ஓடினான். தாத்தா துப்பாக்கியைத் தூக்கினார், குறி பார்த்தார், கீழ இறக்கிட்டார். நல்ல நிலா, அவன் முதுகு எனக்கே தெரிஞ்சுது. "ஏன் தாத்தா சுடல?"ன்னேன். "பன்னிக்குன்னு குடுத்ததுடா இது. ஓடுறவன் முதுகுல சுட்டா நாளைக்கு நான் எங்க ஓடுறது?"ன்னார். இத்தனைக்கும் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கப்புறம் பன்னியைச் சுடவே அனுமதி வேணும், அது அப்ப யாருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து வந்து சுட்டா மட்டும்தான் குத்தம் இல்ல.

துப்பாக்கி இல்லன்னா கரண்ட் கம்பி கட்டுறேன்னு பையன் ஆரம்பிச்சான். அதுதான் இன்னும் மோசம். கம்பிக்குத் திருடன் யாரு, விடியக்காலையில தண்ணி பாய்ச்ச வர்ற பக்கத்து வயக்காரன் யாருன்னு தெரியாது. ஆள் செத்தா கட்டினவன்தான் உள்ள போவான்.

"அப்ப என்னதான் பண்றது பெரியப்பா?"

மூணு பேரும் சேர்ந்து புகார் எழுதிக் குடுத்தோம். ஒயரைப் பைப்புல விட்டு ரெண்டடி ஆழத்துல புதைச்சாச்சு. மோட்டார் கொட்டாய்ல ஒரு லைட் போட்டு, முறை வெச்சுப் படுக்கிறோம், கையில டார்ச்சும் தடியும். இன்னிக்கு என் முறை. கொசு பிடுங்குது, அங்க உக்காந்துதான் இதை எழுதுறேன்.