மீதி

வகுத்தல் கணக்கிலும் ‘ரிமைண்டர்’, கைபேசி மணியடித்தாலும் ‘ரிமைண்டர்’ என்கிறார்கள் பிள்ளைகள். தமிழில் அந்தக் குழப்பமில்லை: மீந்தது மீதி. ‘மிகு’ வழி வந்த மிச்சம், குறளில் ‘மிச்சில்’. விருந்தினர் உண்டபின் மீந்த உணவு. இன்று ‘மிச்சம் பிடி’ என்றால் சேமிப்பு. எஞ்சியது எச்சம், முன்பு சந்ததியையும் குறித்தது, இப்போது பேச்சில் பெரும்பாலும் காக்கை இட்டதற்குச் சுருங்கிவிட்டது. பாக்கி அரபி வழி வந்தது. கடன் வாடை அடிக்கும். 50-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. கையில் 50 ரூபாய், பேனா ஒன்று 12 ரூபாய் என்றால், நான்கு வாங்கியபின் அந்த 2 மிச்சம். வேனுக்கு 12 பேர் என 50 பேர் கிளம்பினால் அந்த 2 பேர் பாக்கி. ஐந்தாவது வேன் வேண்டும். பாடநூலுக்கு ‘மீதி’ போதும். விடை எழுதுமுன் மட்டும், மிச்சமா பாக்கியா என்று கேட்டுக்கொள்ளச் சொல்வேன்.