வந்தவர்கள் பெயரில் ஒரு சாலை

பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் போர்தோ நகரத்திலிருந்து வடக்கே டி-2 என்று ஒரு சாலை போகிறது. சைக்கிள்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த சாலை. மேடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. வலது கைப்பக்கம் ஜிரோந்து கழிமுகம். மற்ற பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் மிதித்தால் போயாக் என்ற சின்னத் துறைமுக ஊர் வந்துவிடும். 2010 டூர் த பிரான்ஸ் பந்தயத்தில், பாரிசுக்கு முந்தைய நாள் டைம் டிரையல் போர்தோவிலிருந்து இந்தப் போயாக்குக்குத்தான் நடந்தது. 52 கிலோமீட்டர். ஜெயித்தவர் ஃபாபியன் கான்செல்லாரா. சுவிட்சர்லாந்துக்காரர். அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து அங்கே குடியேறியவர்.

குடியேறியவர் என்ற அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை. உலகத்தில் "மண், மண்" என்று அதிகம் பேசுகிற ஊர்களில் இந்த மெதோக் பிரதேசமும் ஒன்று. எங்கள் மண்ணின் குணம் வேறெங்கும் வராது என்பதுதான் அவர்கள் வியாபாரத்தின் முதலீடே. ஆனால் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு சாலையோரப் பெயர்ப்பலகைகளைப் படித்தால் வேறு கதை தெரிகிறது. பால்மர், பார்ட்டன், லிஞ்ச், ரோத்சைல்ட். ஒன்றுகூட உள்ளூர்ப் பெயர் இல்லை! ஒயின் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இது குடி பற்றிய விஷயம் அல்ல, குடியேற்றம் பற்றியது.

முதலில் தண்ணீர்

கரோன், தோர்தோஞ் என்ற இரண்டு நதிகள் சேர்ந்து ஜிரோந்து ஆகின்றன. சேருமிடத்திலிருந்து கடல் வரை சுமார் 75 கிலோமீட்டர். வண்டல் கலந்து, மழைக்காலத்து காவிரி மாதிரி பழுப்பு நிறம். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். அந்த ஓதத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல்கள் போர்தோ வரை வந்தன. இந்த ஊர் ஒயினுக்குப் பேர் வந்ததில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ, கப்பல் வருகிற இந்த வழிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

1152-ல் இந்தப் பகுதியின் வாரிசான எலினார், ஹென்றியைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே வருஷத்தில் அந்த ஹென்றி இங்கிலாந்துக்கு ராஜா. அதோடு போர்தோ ஆங்கில மன்னர்கள் கைக்குப் போய், 1453-ல் கஸ்தியோன் சண்டை வரைக்கும் ஏறக்குறைய முந்நூறு வருஷம் அப்படியே இருந்தது. வருஷா வருஷம் பீப்பாய் பீப்பாயாக ஒயின் லண்டனுக்குப் போனது. கப்பலின் கொள்ளளவை "டன்" கணக்கில் சொல்கிறோமே, அது அந்த ஒயின் பீப்பாயின் பெயரிலிருந்து வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்தக் காலத்திலேயே போர்தோக்காரர்கள் மண்ணின் மைந்தர் சட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வருகிற ஒயின் குறிப்பிட்ட நாள் வரை ஊருக்குள் வரக்கூடாது. உள்ளூர் சரக்கு விற்ற பிறகுதான் மற்றவர்களுக்கு இடம். இந்தச் சலுகையை 1776-ல் அமைச்சர் துர்கோ ரத்து செய்கிற வரை பல நூறு வருஷம் காப்பாற்றி வந்தார்கள்.

பலகை பலகையாக

மெதோக்கின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 17-ம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிய வைத்தவர்கள் ஹாலந்திலிருந்து வந்த பொறியாளர்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றோரச் சரளை மேடுகளில் திராட்சை பெரிய அளவில் பரவியது.

மார்கோ கிராமத்துக்கு முன்னால் பால்மர். சார்லஸ் பால்மர் இங்கிலாந்து ராணுவ அதிகாரி. 1814-ல் இந்தத் தோட்டத்தை வாங்கித் தன் பெயரை வைத்தார். அவர் போய் ரொம்ப நாளாகிறது, பெயர் போகவில்லை.

இன்னும் வடக்கே சான் ஜூலியன் கிராமத்தில் பார்ட்டன் குடும்பம். என்னைப் போல வங்கியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தனிச் சுவை. தாமஸ் பார்ட்டன் அயர்லாந்திலிருந்து போர்தோவுக்கு வந்தது 1722-ல். மூன்று வருஷத்தில் சொந்தமாக ஒயின் ஏற்றுமதி நிறுவனம். நன்றாகச் சம்பாதித்தார். ஆனால் அன்றைய பிரெஞ்சு சட்டப்படி, வெளிநாட்டான் அங்கே இறந்தால் அவன் சொத்து அரசனுக்குச் சேரும். பிள்ளைகளுக்கு இல்லை. பணம் இருக்கிறது, பத்திரத்துக்கு மதிப்பில்லை! பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது பேரன் ஹியூ பார்ட்டனை அன்னியன் என்று 1793-ல் சிறையில் போட்டார்கள். அவர் தப்பித்து ஊரை விட்டுப் போக, கடையை நடத்தியது டேனியல் கெஸ்தியே என்ற பிரெஞ்சு நண்பர். கணக்கில் ஒரு காசு குறையாமல் பார்த்துக்கொண்டார். 1802-ல் இருவரும் முறைப்படி கூட்டாளிகள் ஆனார்கள். கடைசியில் ஹியூ பார்ட்டன் இந்தச் சாலையில் லாங்கோவா தோட்டத்தை வாங்கியது 1821-ல். தாத்தா வந்து இறங்கி 99 வருஷம் கழித்து.

வெளியூரில் வீட்டு வாடகைக்கும் கடனுக்கும் "லோக்கல் ஆள் யாராவது ஜாமீன் உண்டா?" என்ற கேள்வியைக் கேட்டவர்களுக்கு கெஸ்தியேயின் அருமை புரியும். குடியேறுபவனுக்குச் சட்டம் தராத பாதுகாப்பைப் பல சமயம் ஒரு உள்ளூர் நண்பன்தான் தருகிறான்.

போயாக்கை நெருங்கினால் லிஞ்ச். இதுவும் அயர்லாந்துக் குடும்பம், கால்வே ஊர்க்காரர்கள். இவர்களில் ஒருவர் 1809-ல் போர்தோ நகரத்தின் மேயராகவே ஆனார்.

அதைத் தாண்டினால் ரோத்சைல்ட். லண்டன் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் 1853-ல் மூத்தோன் தோட்டத்தை வாங்கினார். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வர்த்தக சபை கேட்டுக்கொண்டபடி தரகர்கள் ஒரு தரப்பட்டியல் தயாரித்தார்கள். யாரும் கோப்பை கோப்பையாக ருசி பார்த்து மார்க் போடவில்லை. பல வருஷமாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற கணக்குதான் அடிப்படை. நம் கிரெடிட் ரேட்டிங் மாதிரி. ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பில் நான்கே தோட்டங்கள். மூத்தோன் இரண்டாம் வகுப்பில் போனது. அது முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை ஆனது. ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அப்போதைய விவசாய அமைச்சர் ஜாக் சிராக்.

இடையில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 1940-ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதும் விஷி அரசு, யூதரான ஃபிலிப் த ரோத்சைல்டின் குடியுரிமையைப் பறித்தது. மூத்தோன் தோட்டம் பறிமுதல். அந்தக் குடும்பம் அந்த மண்ணுக்கு வந்து அப்போது எண்பத்தேழு வருஷம். அவருடைய மனைவி எலிசபெத் யூதராகப் பிறந்தவர்கூட இல்லை. 1945-ல் ராவென்ஸ்புருக் முகாமில் இறந்துபோனார். எத்தனை தலைமுறை இருந்தாலும் ஒரே ராத்திரியில் ஒருவரை அன்னியர் ஆக்கிவிடலாம் என்பதற்கு இந்தச் சாலையில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிர்க்கரை

லாமார்க் கிராமத்தில் சைக்கிளோடு படகில் ஏறினால் எதிர்க்கரையில் பிளாய் ஊரில் இறங்கலாம். 1680களில் வோபான் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. இந்தப் பக்கம் மெதோக் கோட்டை, நடுத்தீவில் இன்னொரு கோட்டை. மூன்றும் சேர்ந்து கழிமுகத்துக்குப் பூட்டு. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் பூட்டு எப்போதும் வேலை செய்யாது. 1942 டிசம்பரில் பத்து பிரிட்டிஷ் வீரர்கள் ஐந்து சிறு துடுப்புப் படகுகளில், இரவில் மட்டும் நகர்ந்து, ஓதத்தோடு உள்ளே வந்தார்கள். போர்தோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குக் கண்ணிவெடி வைத்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் இரண்டே பேர். பிளாய்ப் பக்கம் கரையேறி, கிராமத்து ஜனங்கள் தந்த சோற்றிலும் இடத்திலும் பிழைத்தார்கள்.

இன்னும் மிதிக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு, போர்தோவின் தென்கிழக்கே பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். பெயர் ரொஜே லாபெபி. 1937 டூர் த பிரான்ஸ் வென்றவர். கியர் மாற்றும் டிரெய்லருக்கு அனுமதி கிடைத்த வருஷம் அது. பந்தய சரித்திரத்திலும் இந்த ஊருக்கு வெளியாட்கள் ராசி. 1891-ல் நடந்த முதல் போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் முதல் நான்கு இடமும் ஆங்கிலேயர்களுக்கே.

பலகை இல்லாதவர்கள்

பெயர்ப்பலகைகளை மட்டும் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும். 18-ம் நூற்றாண்டில் போர்தோக் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோயின. அந்தச் சர்க்கரைப் பணமும் போர்தோ மாளிகைகளில் இருக்கிறது. சமீப காலத்தில் இந்தத் தோட்டங்களில் கிளை கழித்து, பழம் பறித்தவர்களில் ஸ்பெயினிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பெயரில் பலகை கிடையாது.

கடைசியாகச் செடியைப் பற்றி. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்செரா என்ற பூச்சி பிரெஞ்சுத் திராட்சையின் வேரைத் தின்று அழித்தது. மருந்து எதுவும் முழுசாகப் பலிக்கவில்லை. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கப் பழகிய அமெரிக்கச் செடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கிளையை ஒட்டுக் கட்டினார்கள். இன்று அங்கே நிற்கிற செடிகள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். மண் பிரெஞ்சு, கிளை பிரெஞ்சு, வேர் வெளிநாடு. அந்த ஊரும் நமக்கு ஒன்று கொடுத்திருக்கிறது. வழிப்போக்கர்கள் பழம் திருடாமல் இருக்கச் சாலையோரச் செடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தச் செடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வரவில்லை என்பதை 1882-ல் மில்லார்தே என்ற பேராசிரியர் இதே சான் ஜூலியன் பக்கம் கவனித்தார். கர்நாடகத்துப் பாக்குத் தோட்டம் வரைக்கும் நம்மவர்கள் தெளிக்கிற போர்டோ கலவை அதுதான்.

1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக மும்பையில் நடந்ததை மாதுங்காவிலும் தாராவியிலும் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இங்கே பிறந்து, இந்த ஊர் பாஷையில் கனவு காணும் நம் பிள்ளைகளைப் பார்த்து "நீ எந்த ஊர்?" என்று கேட்பதும் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பார்ட்டன் கதையைச் சொல்லுங்கள். கெஸ்தியேயின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். நம் குடியிருப்பில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ போன மாதம் வந்திறங்கிய காவலாளிக்கு முகவரிச் சான்று தேவைப்படும்போது, கெஸ்தியேயின் இடத்தில் நிற்பது நாம்தான்.